ஹிட்லரைப் பதவியில் அமர்த்தியது 1923-இன் பணவீக்கம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலைவாசி உயர்வைப் பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போனதால்தான் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார் என்னும் பொருள்பட ஒரு வரி இடம்பெற்றிருந்தது. கட்டுக்கட்டாக நோட்டுகளை அடுக்கிச் சிறுவர்கள் விளையாடும் பழைய புகைப்படம் ஒன்றும் அதனருகே அச்சிடப்பட்டிருந்தது. இந்தக் கருத்துக்கு அந்தக் கட்டுரையாளர் ஒருவரே பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் மேடைப் பேச்சுகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் பல்லாண்டுகளாக இதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் விடைத்தாள்களிலும் இதை அடிக்கடி படித்திருக்கிறேன். நடந்த நிகழ்ச்சிகளின் வரிசைக்கே இது பொருந்தாது என்பதையும், இதை நம்புகிறவர்கள் அந்தக் காலத்திலிருந்து நேர் எதிரான பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஜெர்மனியின் பெரும் பணவீக்கம் உச்சத்தை எட்டியது 1923 நவம்பரில். ஹிட்லர் தலைமை அமைச்சராகப் பதவியேற்றது 1933 ஜனவரி 30 அன்று. இடையில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துள்ளன. அந்த இடைவெளியில் அந்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல்கள் ஆறு முறை நடந்தன. நாணயம் நிலைப்பட்டது, பொருளாதாரம் மீண்டது, பிறகு முற்றிலும் வேறொரு காரணத்தால் சரிந்தது. இவ்வளவையும் தாண்டிக் குதித்து ஒரு காரணத்தையும் ஒரு விளைவையும் இணைப்பது வரலாறாகாது.

முதல் உலகப் போருக்கு முன்னர் ஒரு அமெரிக்க டாலரின் விலை ஏறத்தாழ 4.20 மார்க். போர்ச் செலவின் பெரும்பகுதியை வரியாக வசூலிக்காமல், கடன் பத்திரங்கள் மூலமும் நோட்டு அச்சடித்தும் ஈடுகட்டிய ஜெர்மன் அரசு, வெற்றி பெற்றபின் தோற்ற நாடுகளிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தது. தோல்வி வந்தது. 1919-இல் வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1921 மே மாதத்தில் போர் இழப்பீட்டுத் தொகை 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயிக்கப்பட்டது. நிலக்கரியும் மரமும் ஒப்புக்கொண்ட அளவில் வந்து சேரவில்லை என்று காரணம் காட்டி, பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் 1923 ஜனவரியில் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தன. அங்கிருந்த தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஒத்துழைக்க மறுத்தபோது, அவர்களுக்கான ஊதியத்தை பெர்லின் அரசு நோட்டு அச்சடித்தே வழங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க்காகியிருந்தது. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கொடுத்தாலும் ஒரு ரொட்டித் துண்டு கிடைக்காது என்ற நிலைக்கு ஓய்வூதியம் பெற்ற ஆசிரியர்களும் கைம்பெண்களும் தள்ளப்பட்டார்கள். அந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று.

ஆனால் அந்தப் பேரிடரின் உச்சத்தில், 1923 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, மியூனிக் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் ஹிட்லர் புரட்சியை அறிவித்தார் என்பதையும், மறுநாள் நண்பகலில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டோடு அது முடிந்துபோனது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குடியரசைக் கவிழ்க்கப் பணவீக்கம் போதுமானதாக இருந்திருந்தால், கவிழ வேண்டிய நாள் அதுவே. குடியரசு கவிழவில்லை. அதே நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் என்னும் புதிய நாணயம் வெளியிடப்பட்டது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க் என்ற விகிதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். தலைமை அமைச்சர் ஸ்ட்ரெசமான், நிதியமைச்சர் ஹான்ஸ் லூதர், நாணய ஆணையர் ஷாக்ட் ஆகியோரின் முயற்சியால் சில மாதங்களிலேயே நாணயம் நிலைபெற்றது. 1924-இல் டாஸ் திட்டத்தின்கீழ் இழப்பீட்டுத் தவணைகள் குறைக்கப்பட்டு, 80 கோடி தங்க மார்க் வெளிநாட்டுக் கடனும் கிடைத்தது. 1926-இல் ஜெர்மனி சர்வதேச சங்கத்தில் உறுப்பு நாடாகவும் ஆயிற்று.

வாக்காளர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பணவீக்கத்தின் காயம் ஆறாதிருந்த 1924 மே மாதத் தேர்தலில், நாஜிகளும் அவர்களைச் சார்ந்த இனவாதக் குழுக்களும் கூட்டாகப் பெற்ற வாக்கு 6.5 விழுக்காடு. அதே ஆண்டு டிசம்பரில் அது 3 விழுக்காடாகக் குறைந்தது. 1928 மே மாதத்தில் 2.6 விழுக்காடு வாக்கும் 12 இடங்களும் மட்டுமே கிடைத்தன. பணவீக்கத்தை நேரில் அனுபவித்து, அதை மறக்கவே முடியாத அந்த மக்கள்தான், அது முடிந்து நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு ஹிட்லரின் கட்சியை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள்.

பணவீக்கத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் வாதிடவில்லை. அரசின் உள்நாட்டுப் போர்க் கடன் முழுவதும், போருக்கு முந்தைய மதிப்பில் கணக்கிட்டால், ஒரே ஒரு மார்க்கில் கால் பங்குக்கும் குறைவான தொகையாகச் சுருங்கியது. நாட்டுப்பற்றின் பெயரால் அந்தப் பத்திரங்களை வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். அடமானக் கடன் கொடுத்தவர்களுக்கு அதன் பழைய மதிப்பில் நாலில் ஒரு பங்கை மட்டும் மீட்டுத் தர 1925-ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. அதுவும் அவர்களை ஆற்றவில்லை. தாராளவாதக் கட்சிகளுக்கு வாக்களித்துவந்த நடுத்தர வகுப்பினர் பலர் அக்கட்சிகளை விட்டு விலகி, சேமிப்பாளர் நலனையும் சிறு வணிகர் நலனையும் மட்டும் பேசும் சிறுசிறு கட்சிகளிடம் சென்றார்கள். பின்னாளில் அவர்களில் பெரும்பாலோரை நாஜிக் கட்சி ஈர்த்துக்கொண்டது உண்மை. ஆயினும் அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தது, அடுத்து வந்த பொருளாதார வீழ்ச்சி நடுவே நேர்ந்த பிறகுதான். விலைகள் ஏறியதால் அல்லாமல் விலைகள் இறங்கியதால் நேர்ந்த வீழ்ச்சி அது. தங்கள் கட்டுரையாளர் ஒரு சொல்கூடக் குறிப்பிடாமல் விட்டது அந்த ஆண்டுகளைத்தான்.

1924-க்குப் பிந்தைய ஜெர்மன் வளர்ச்சி அமெரிக்கக் கடனில் நின்றது. அதில் பெரும்பகுதி குறுகிய காலக் கடன். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிவதற்கு முன்பே அந்தப் பணம் வற்றத் தொடங்கியிருந்தது. வேலையிழந்தோர் பெருகியபோது, 1927-இல்தான் இயற்றப்பட்டிருந்த வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தின் நிதி போதவில்லை. அதற்கான சந்தாவை ஏறத்தாழ அரை விழுக்காடு உயர்த்துவதா, பயன்தொகையைக் குறைப்பதா என்ற தகராறில், சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு 1930 மார்ச் 27 அன்று பதவி விலகியது. நாடாளுமன்றப் பெரும்பான்மை கொண்ட அரசு, வைமார் குடியரசு எனப்பட்ட அன்றைய ஜெர்மன் குடியரசுக்கு அதற்குப் பிறகு அமையவே இல்லை. எத்தனை சிறிய தொகைக்காக எவ்வளவு பெரியதைக் கைவிட்டார்கள் என்று இந்த நிகழ்ச்சியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

அடுத்துப் பதவியேற்ற ஹைன்ரிஷ் ப்ரூனிங் கத்தோலிக்க மத்தியக் கட்சிக்காரர். நேர்மையானவர், கடும் உழைப்பாளி, நிதித் துறையை நன்கு அறிந்தவர். வரவுசெலவில் துண்டு விழக் கூடாது, மார்க்கின் தங்க மதிப்பு குறையக் கூடாது என்ற இரண்டையும் அவர் எதற்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய சிக்கன ஆணையை 1930 ஜூலையில் நாடாளுமன்றம் நிராகரித்தபோது, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்கின் துணையோடு நாடாளுமன்றத்தையே கலைத்தார். நிராகரிக்கப்பட்ட அதே ஆணையை குடியரசுத் தலைவரின் நெருக்கடி ஆணைகளுக்கு இடம்தரும் அரசமைப்பின் 48-ஆம் பிரிவின்கீழ் மீண்டும் பிறப்பித்தார். செப்டம்பர் 14 அன்று நடந்த தேர்தலில் நாஜிக் கட்சியின் பலம் 12 இடங்களிலிருந்து 107 இடங்களாக உயர்ந்தது. கவனிக்க வேண்டும்: அப்போது ஜெர்மனியில் பணவீக்கம் எள்ளளவும் இல்லை. விலைகள் மாதந்தோறும் இறங்கிக்கொண்டிருந்தன.

இதற்குப் பிறகும் ப்ரூனிங் பாதையை மாற்றவில்லை. அரசு ஊழியர் சம்பளம் அடுத்தடுத்த ஆணைகளால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டப்பட்டது. ஓய்வூதியங்களும் வேலையின்மைப் பயன்தொகையும் குறைக்கப்பட்டன. 1931 டிசம்பரில் வந்த நான்காவது பெரிய நெருக்கடி ஆணை, தொழிலாளர் ஊதியங்களை 1927 ஜனவரியில் இருந்த மட்டத்துக்கு ஒரே நாளில் இறக்கியது. அதனுடன் விலைகளையும் வாடகையையும் வட்டியையும் குறைக்க உத்தரவிட்டது. இவையெல்லாம் நாடாளுமன்றச் சட்டங்களாக வரவில்லை. 1930-இல் நாடாளுமன்றம் 98 சட்டங்களை நிறைவேற்றியது, நெருக்கடி ஆணைகள் ஐந்து மட்டுமே வந்தன. 1932-இலோ நிறைவேறிய சட்டங்கள் ஐந்துதான், ஆணைகள் அறுபதுக்குக் குறையாமல் வெளிவந்தன. நாடாளுமன்றம் இல்லாமலே நாட்டை ஆள முடியும் என்பதை ஜெர்மானியருக்குப் பழக்கப்படுத்தியவர் ஹிட்லர் அல்லர். அவருக்கு முன்பே அந்தப் பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

விலைவீழ்ச்சி மக்களை எப்படி வதைக்கிறது என்பது, விலையேற்றம் வதைப்பதைப் போல எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒரு விவசாயி பன்றியும் வெண்ணெயும் நல்ல விலை போன காலத்தில் நிலத்தை ஈடுவைத்துக் கடன் வாங்குகிறார். விளைபொருளின் விலை பாதியாகக் குறைகிறது; கடன் தொகையோ வட்டியோ ஒரு காசும் குறைவதில்லை. அவர் கட்ட வேண்டிய கடன், விற்க வேண்டிய பன்றிகளின் எண்ணிக்கையில் கணக்கிட்டால், இரண்டு மடங்காகிவிட்டது. வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் நடந்தது இதுதான். 1928-லிருந்தே அங்கு விவசாயிகள் கறுப்புக்கொடி ஏந்தி ஜப்தியையும் ஏலத்தையும் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு அங்கே கிடைத்தது 4 விழுக்காடு. 1932 ஜூலையில் 51 விழுக்காடு. இதே உலகளாவிய விலைவீழ்ச்சி நம்மவர்களின் கணக்குப் புத்தகங்களிலும் பதிவாகியிருக்கிறது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 ஏக்கர் என்ற அளவில் இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1930-களின் இறுதிக்குள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகப் பெருகியது; லேவாதேவிக்காரர்கள் நிலத்தை விரும்பி வாங்கியதால் அன்று, நெல் விலை விழுந்து கடனாளிகளால் திருப்பிக் கட்ட முடியாமல் போனதால் நேர்ந்தது. பர்மியரிடையே அதன் அரசியல் விளைவு எத்தகையதாக இருந்தது என்பதை அங்கிருந்து திரும்பிய குடும்பங்கள் அறியும்.

1931 மே மாதத்தில் வியன்னாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்-அன்ஸ்டால்ட் தன் நட்டத்தை அறிவித்தது. ஜூலை 13 அன்று ஜெர்மனியின் பெரிய வங்கிகளுள் ஒன்றான டானாட் கதவைத் திறக்கவில்லை. நாடு முழுவதும் வங்கிகள் மூடப்பட்டன. செப்டம்பர் 21 அன்று நாணய மதிப்பைத் தங்கத்தோடு பிணைக்கும் தங்கத் திட்டத்திலிருந்து பிரிட்டன் விலகியது. அதைப் பின்பற்றிச் சுவீடன், டென்மார்க் முதலிய நாடுகளும் விலகின. ஜெர்மனி விலகவில்லை. 1932 பிப்ரவரியில் பதிவு செய்துகொண்ட வேலையற்றோரின் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது. பதிவு செய்யாதவர்கள் வேறு. அவர்களில் பலர் காப்பீட்டுப் பயன் தீர்ந்து, நகராட்சியின் சொற்ப உதவித்தொகையை எதிர்பார்த்து வரிசையில் நின்றார்கள். வேலையற்ற தொழிலாளர்களில் ஹிட்லரைவிடக் கம்யூனிஸ்டுகளை நாடியவர்களே மிகுதி என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாஜிக் கட்சிக்கு வாக்குகளைக் குவித்தவர்கள், வேலையும் கடையும் நிலமும் இன்னும் கையில் இருந்தபோதே அடுத்து நம் முறைதான் என்று நடுங்கிய புராட்டஸ்டன்ட் கிராமத்தார், சிறுநகரக் கைவினைஞர், கடைக்காரர், ஓய்வூதியர் ஆகியோர். 1932 ஜூலை தேர்தலில் அக்கட்சி 37 விழுக்காட்டைத் தாண்டி, 230 இடங்களைப் பிடித்தது.

ப்ரூனிங் ஏன் வேறு வழியை நாடவில்லை? அவருக்காக வாதிடும் அறிஞர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நோட்டு வெளியீட்டுக்கு 40 விழுக்காடு தங்கமும் அந்நியச் செலாவணியும் ஈடாக இருக்க வேண்டும் என்று 1924-ஆம் ஆண்டுச் சட்டம் ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்கைக் கட்டிப்போட்டிருந்தது. வெளிநாட்டுக் கடன் அந்நிய நாணயங்களில் இருந்ததால் மார்க்கின் மதிப்பைக் குறைத்தால் அந்தச் சுமை கூடும். தன் நாட்டின் வறுமையைக் காட்டி இழப்பீட்டுக் கடனை ஒழித்துவிடலாம் என்றும் அவர் கருதினார். ஆனால் 1931 ஜூலைக்குப் பிறகு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்துவிட்டது. பணம் வெளியேறும் என்ற அச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. அதற்குப் பிந்தைய ஓராண்டுக்காலப் பிடிவாதத்துக்கு அந்தக் காரணங்கள் போதா என்பதே என் கருத்து.

போதுமான காரணம் வேறொன்று இருந்தது. 1923 உண்மையாகவே இந்த வரலாற்றில் நுழையும் இடமும் அதுதான். ரைக்ஸ்பாங்கின் தலைவராக 1930-லிருந்து அமர்ந்திருந்தவர், 1923-இல் நிதியமைச்சராக இருந்து நாணயத்தை மீட்ட அதே ஹான்ஸ் லூதர். நோட்டை அச்சடித்தால் என்ன நேரும் என்பதைக் கண்ணால் கண்டவர். அரசு கடன் வாங்கிச் சாலை போடலாம், வீடு கட்டலாம் என்று யார் சொன்னாலும், அந்தப் பழைய நோட்டுக் குவியல்தான் அவருக்கும் அவருடைய தலைமுறைக்கும் நினைவுக்கு வந்தது.

தொழிற்சங்கங்களின் திட்டத்துக்கு நேர்ந்த கதி இதற்குச் சான்று. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் புள்ளியியலாளர் வொய்டின்ஸ்கி, மரத்தொழிலாளர் சங்கத் தலைவர் டார்னோ, வேளாண் வல்லுநர் பாடே ஆகிய மூவரும் சேர்ந்து, ஏறத்தாழ 200 கோடி மார்க் செலவில் பத்து லட்சம் பேருக்குப் பொதுப்பணிகளில் வேலை தரும் திட்டத்தை வகுத்தார்கள். 1932 ஏப்ரலில் தொழிற்சங்க மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் வலதுசாரி அல்லர். சமூக ஜனநாயகக் கட்சியின் தலைசிறந்த பொருளியல் அறிஞரான ருடால்ஃப் ஹில்ஃபர்டிங். அவரும் 1923-இல் சில வாரங்கள் நிதியமைச்சராக இருந்தவர். இது மீண்டும் பணவீக்கத்தில் கொண்டுபோய் விடும் என்று அவர் உறுதியாக நம்பினார். கட்சித் தலைமை அந்தத் திட்டத்தை முழுமனதோடு கையிலெடுக்கவில்லை. அதே கோடையில் நாஜிகள் வேலைவாய்ப்புத் திட்டத்தை லட்சக்கணக்கான துண்டறிக்கைகளில் அச்சிட்டு ஊர் ஊராகக் கொடுத்தார்கள். வேலை தருகிறோம் என்று சொல்லும் இடத்தைத் தொழிலாளர் கட்சியே காலியாக விட்டுவைத்தது. ஹில்ஃபர்டிங் மீது எனக்கு மரியாதை உண்டு. 1941-இல் பாரிஸில் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோவின் காவலில் உயிரிழந்தவர் அவர். அவருடைய தவறு அறிவின்மையால் வந்ததன்று. எட்டாண்டு பழைய ஆபத்தை எதிர்நோக்கி நின்றுகொண்டிருந்ததால் வந்தது. தங்கள் கட்டுரையாளரின் வரி அதே திசையில்தான் நம் வாசகர்களையும் நிறுத்துகிறது.

வெர்சாய் இழப்பீட்டுச் சுமையே எல்லாவற்றுக்கும் காரணம் என்பாருக்கும் ஒரு சொல். 1931 ஜூனில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹூவர் இழப்பீட்டுத் தவணைகளை ஓராண்டுக்கு நிறுத்திவைக்க முன்மொழிந்தார்; 1932 ஜூலையில் லோசான் மாநாடு இழப்பீட்டுக்கே நடைமுறையில் முற்றுப்புள்ளி வைத்தது. ஹிட்லர் பதவியேற்றது அதற்கு ஆறு மாதங்களுக்குப் பிறகு.

இன்னும் ஒன்று. பொருளாதாரச் சரிவு நாஜிக் கட்சியைப் பெரிய கட்சியாக்கியது. ஆட்சியில் அமர்த்தியது அதுவன்று. 1932 நவம்பர் தேர்தலில் அக்கட்சி ஏறத்தாழ இருபது லட்சம் வாக்குகளை இழந்து, 230-லிருந்து 196 இடங்களுக்கு இறங்கியது. சமூக ஜனநாயகவாதிகளுக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100 என்று இரு இடதுசாரிக் கட்சிகளுக்கும் சேர்த்து 221 இடங்கள் கிடைத்தன. ஆனால் அவை ஒன்றையொன்று முதல் எதிரியாகக் கருதின. நாஜிக் கட்சியின் கருவூலம் காலியாக இருந்தது. டிசம்பரில் அதன் முக்கியத் தலைவர்களுள் ஒருவரான கிரெகோர் ஸ்ட்ராசர் பதவிகளைத் துறந்தார். அந்த நேரத்தில்தான், பதவியிழந்த முன்னாள் தலைமை அமைச்சர் பாப்பன், தம்மை வீழ்த்தித் தலைமை அமைச்சரான ஷ்லைஷரைப் பழிதீர்க்கும் நோக்கோடு, 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் வங்கியாளர் ஷ்ரோடரின் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்தார். அந்த மாதம் முழுவதும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடந்த பேரத்தின் முடிவில், மூன்றே நாஜிகளைக் கொண்ட அமைச்சரவை உருவாயிற்று. மற்ற பழமைவாதிகள் அவர்களைக் கட்டுக்குள் வைத்திருப்பார்கள் என்று பாப்பன் முதியவர் ஹிண்டன்பர்குக்கு உறுதியளித்தார். ஹிட்லர் தனிப் பெரும்பான்மையை எந்தச் சுதந்திரமான தேர்தலிலும் பெற்றதில்லை. நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையான பிறகு அடிப்படை உரிமைகள் பறிக்கப்பட்டு, எதிர்க்கட்சியினர் அடித்து நொறுக்கப்பட்ட நிலையில் நடந்த 1933 மார்ச் தேர்தலிலும் அவருக்குக் கிடைத்தது 43.9 விழுக்காடுதான்.

அதே 1933 ஜனவரி 30 அன்று கோபன்ஹேகனில் நடந்ததை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. டென்மார்க்கின் சமூக ஜனநாயகப் பிரதமர் ஸ்டாவ்னிங்கின் இல்லத்தில் ஆளும் கூட்டணியும் விவசாயிகளின் கட்சியான வென்ஸ்ட்ரேவும் இரவு முழுவதும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. விவசாயிகளுக்காக நாணயத்தின் மதிப்பு குறைக்கப்பட்டது. தொழிலாளர்களின் ஊதியம் வெட்டப்படாமல் ஏற்கெனவே இருந்த ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. பொதுப்பணிகளுக்கும் சமூகக் காப்பீட்டுச் சீர்திருத்தத்துக்கும் வழி பிறந்தது. டென்மார்க்கில் அந்தக் குளிர்காலத்தில் வேலையின்மை குறைவாக இல்லை. விவசாயிகளின் கடன் சுமையும் குறைவாக இல்லை. எல்லைக்கு அப்பால் இருந்தது அதே ஷ்லெஸ்விக். ஆனால் 1935 தேர்தலில் டேனிஷ் நாஜிகளுக்குக் கிடைத்தது ஒரு விழுக்காடு வாக்கு, ஓரிடமும் கிடைக்கவில்லை. 1933 மே மாதத்தில் சுவீடனிலும் பெர் அல்பின் ஹான்சனின் அரசு விவசாயிகள் கட்சியோடு இதேபோன்ற உடன்பாடு செய்துகொண்டது: ஒரு தரப்புக்கு வேலைவாய்ப்பு, மறு தரப்புக்கு விளைபொருளுக்கு நியாயமான விலை.

ஜெர்மனி தோற்ற நாடு, அதன் நீதிமன்றங்களும் படைத்தலைமையும் அதிகார வர்க்கமும் குடியரசை மனதார ஏற்கவே இல்லை, டென்மார்க்கோடு அதை ஒப்பிடலாமா என்று யாரேனும் கேட்டால், அந்த வேறுபாட்டை நான் மறுக்க மாட்டேன். வேலையின்மை மட்டுமே சர்வாதிகாரியை உருவாக்கிவிடாது என்பதற்கு அமெரிக்காவும் பிரிட்டனும் சாட்சி. ஆனால் ஒப்பீடு ஒன்றைத் தெளிவாக்குகிறது: 1930-க்கும் 1932-க்கும் இடையில் எடுக்கப்பட்ட முடிவுகள் தவிர்க்க முடியாதவையாக இருக்கவில்லை. ப்ரூனிங்கைத் தொடர்ந்த பாப்பனும் ஷ்லைஷரும் தயங்கித் தயங்கி வேலைவாய்ப்புத் திட்டங்களைத் தொடங்கவே செய்தார்கள். அவற்றின் பலனை அறுவடை செய்து தமது சாதனை என்று பறைசாற்றிக்கொண்டவர் ஹிட்லர்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், இந்த வரியைப் படிக்கும் இளைஞர்கள் விலைவாசியை மட்டும் ஆபத்தாகவும், ஊதிய வெட்டையும் நலத்திட்டக் குறைப்பையும் அவசரச் சட்ட ஆட்சியையும் பொறுப்பான நிர்வாகமாகவும் எண்ணிக்கொள்வார்களே என்ற கவலைதான். ப்ரூனிங்கைப் பற்றி அவருடைய காலத்துப் பெரிய மனிதர்களும் அப்படித்தான் எண்ணினார்கள்.

எனவே, அந்தக் கட்டுரையின் வரிக்குத் தங்கள் நாளிதழ் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்றும், இணையப் பதிப்பில் அந்தப் புகைப்படத்தின் கீழ் 1923 என்ற ஆண்டையும் ஹிட்லர் பதவியேற்ற ஆண்டையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1930 முதல் 1932 வரையிலான மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பொருளியல் வரலாறு அறிந்த ஒருவரைக் கொண்டு நடுப்பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை எழுதச் செய்தால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.